அறைக்குள் ஒரு ரயில் நிலையம்: எந்த ஸ்கேல், எந்தப் பாதை, எந்தக் காலம்?

மாதிரி ரயில்பாதை கட்ட ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் இன்ஜினை வாங்கிவிட்டு, அது ஓடுவதற்கான ஊரைப் பிறகு தேடுகிறார்கள். மேசை மீது வட்டமாகத் தண்டவாளம் போட்டு ரயில் சுற்றுவதைப் பார்த்தால் போதும் என்பவருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நம் ஊர் ஸ்டேஷன் ஒன்றை, அதன் மஞ்சள் பெயர்ப்பலகை, வேப்பமரம், சிமென்ட் பெஞ்ச், துருவேறிய தண்டவாளம் எல்லாவற்றோடும் அச்சு அசலாகச் செய்ய நினைப்பவர், எதையும் வாங்கும் முன்பே ஸ்கேலையும் பாதையின் அகலத்தையும் காலத்தையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். இவற்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் ஆட்டம் காணும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அதிலும் ஒன்றிரண்டு சுவரோரங்கள் மட்டுமே நம் வசம் என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறேன். நம் வீடுகளில் அதற்கு மேல் இடம் கிடைப்பது அரிது.

அகலப்பாதை தரும் சிக்கல்

கடைகளில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு. எச்.ஓ. ஸ்கேல் என்பது 1:87, அதாவது உண்மையில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மி.மீ. என்-ஸ்கேல் என்பது 1:160. அதற்கு 9 மி.மீ. இரண்டுமே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புழங்கும் 1435 மி.மீ. பாதையைச் சுருக்கி உருவானவை. நம் அகலப்பாதையோ 1676 மி.மீ. எச்.ஓ.வில் அது 19.3 மி.மீ. ஆக இருக்க வேண்டும்; என்-ஸ்கேலில் 10.5. ஆகவே கடைத் தண்டவாளத்தில் நம் ரயிலை ஓட்டினால் எச்.ஓ.வில் கிட்டத்தட்ட 3 மி.மீ., என்-ஸ்கேலில் ஒன்றரை மி.மீ. பாதை ஒடுங்கித் தெரியும்.

இது எவ்வளவு உறுத்தும்? சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலை வடிவமைப்புப் பயணிகள் பெட்டியின் அகலம் 3245 மி.மீ. உண்மையில் அது தண்டவாளத்தைத் தாண்டிப் பக்கத்துக்கு 78 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். எச்.ஓ. தண்டவாளத்தில் அதே பெட்டியை நிறுத்தினால் அந்த நீட்டம் 90 சென்டிமீட்டருக்குச் சமமாகிவிடுகிறது. நேர் எதிரே நின்று பார்த்தால், ரயில் கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிறது என்று தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியவே தெரியாது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பலகையை எந்த உயரத்தில் வைப்பது என்பது வரை இது வந்து நிற்கும்.

பிரிட்டனில் வழங்கும் ஓ.ஓ. ஸ்கேலை நம் ரயிலுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் மாதிரிகள் 1:76, தண்டவாளமோ அதே 16.5 மி.மீ. பிரிட்டிஷ் ரயிலுக்கே ஒடுங்கிய பாதை அது. அகலப்பாதைப் பெட்டியை அதில் வைத்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அளவில் இம்மி பிசகக்கூடாது என்பவருக்கு ஒரு வழி உண்டு. நம் அகலப்பாதை ஐந்தரை அடி. அடிக்கு 3 மி.மீ. என்று சுருக்கினால், அதாவது 1:101.6 என்ற ஸ்கேலில், சரியாக 16.5 மி.மீ. வந்து விழுகிறது! கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமே அப்படியே இந்திய அகலப்பாதையாகிவிடும். மீட்டர் பாதை அதே ஸ்கேலில் 9.8 மி.மீ.; என்-ஸ்கேல் தண்டவாளத்தை அதற்குப் பயன்படுத்தினால் ஒட்டி வரும். நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் அகலப்பாதையும் மலை ரயில் புறப்படும் மீட்டர் பாதையும் சந்திக்கும் மேட்டுப்பாளையம் நிலையத்தை ஒரே பலகையில் செய்ய இதைவிடப் பொருத்தமான ஸ்கேல் இல்லை. ஆனால் இன்ஜின், பெட்டி, மனிதர்கள், கைகாட்டி எல்லாவற்றையும் நீங்களே வரைந்து, முப்பரிமாண அச்சில் எடுத்துச் செய்ய வேண்டும். ஏற்கெனவே ஒரு மாதிரியையாவது கட்டி முடித்தவருக்குத்தான் இந்த வழியைச் சொல்வேன்.

நீளம்

ஸ்கேலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. ஐ.சி.எஃப். பெட்டி ஏறத்தாழ 21.3 மீட்டர் நீளம். எச்.ஓ.வில் 24.5 செ.மீ.; என்-ஸ்கேலில் 13.3 செ.மீ. இணைப்புகளையும் இன்ஜினையும் சேர்த்தால் 24 பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்று எச்.ஓ.வில் ஆறு மீட்டரைத் தாண்டிவிடும். பன்னிரண்டு அடி சுவரின் நீளம் 3.66 மீட்டர்தான். என்-ஸ்கேலில் அதே ரயில் மூன்றரை மீட்டருக்குள் அடங்கும். ஆகவே நீண்ட ரயில் ஓடும் அழகைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் என்-ஸ்கேலைத் தவிர வேறு வழியில்லை. அங்கும் ஒன்றைக் கவனியுங்கள்: மூன்றரை மீட்டர் ரயில் 3.66 மீட்டர் சுவரில் நிற்கலாம், போவதற்கு இடமில்லை. சுவருக்குச் சுவர் வளைந்து அறையைச் சுற்றி வரும் பாதையாக இருந்தால்தான் அது ஓடும்.

பாம்பன் பாலத்தைச் செய்யலாம் என்று எல்லோருக்கும் ஓர் ஆசை எழும். 1914-இல் திறந்த பழைய பாலம் இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். எச்.ஓ.வில் அது சுமார் 24 மீட்டர். என்-ஸ்கேலில் 13 மீட்டர். முழுப் பாலத்தையும் செய்ய வேண்டுமானால் கல்யாண மண்டபம்தான் வேண்டும். தூக்குப் பகுதியையும் அதன் இருபுறம் சில கண்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு செய்தால் நன்றாக வரும். ஆனால் அது ரயில்பாதை மாதிரியாக இராது, ஒரு பாலத்தின் மாதிரியாக இருக்கும். அப்படிச் செய்வதும் மதிப்பான வேலைதான்.

வளைவுகளும் நீளத்தோடு பிணைந்தவை. பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது வளைவின் ஆரம் இருந்தால்தான் பார்க்க இயல்பாக இருக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. எச்.ஓ.வில் நம் பெட்டிக்கு 74 செ.மீ.; என்-ஸ்கேலில் 40 செ.மீ. புதியவர்களுக்கான ரயில் செட்டுகளோடு சேர்த்து விற்கும் எச்.ஓ. வளைவுத் துண்டுகள் பெரும்பாலும் 36 முதல் 44 செ.மீ. ஆரம் கொண்டவை. அதில் நம் பெட்டி ஓடினாலும் ஓடும். ஆனால் இரண்டு பெட்டிகளின் முனைகள் எதிரெதிர்த் திசையில் விலகி நிற்பதைப் பார்த்த கணத்தில் அது பொம்மையாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் நுணுக்கம்

இனி எச்.ஓ.வின் பக்கம். அதில் ஒரு மனிதர் 19 மி.மீ. உயரம், என்-ஸ்கேலில் பத்தரை மி.மீ. எச்.ஓ.வில் பெண்ணின் சேலைக்குக் கரை தீட்டலாம், சுமை தூக்குபவரின் சிவப்புச் சட்டையில் கைமடிப்பைக் காட்டலாம். என்-ஸ்கேலில் அவை நிறப்புள்ளிகள். பெயர்ப்பலகையில் ஒரு முழ உயர எழுத்து இருப்பதாகக் கொண்டால் எச்.ஓ.வில் அது 5 மி.மீ.; தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றையும், கீழே கடல்மட்டத்திலிருந்து உயரத்தையும்கூட அச்சிட்டுப் படிக்க முடியும். என்-ஸ்கேலில் அந்த உயரக் குறிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். நிலையத்தைத்தான் உயிரோடு காட்ட வேண்டும் என்பவருக்கு எச்.ஓ.; ரயில் நிலக்காட்சியினூடே போவதைக் காட்ட வேண்டும் என்பவருக்கு என்-ஸ்கேல். எடை குறைவான என்-ஸ்கேல் இன்ஜின்கள் தண்டவாளத்தில் கொஞ்சம் தூசி இருந்தாலும் தயங்கி நின்றுவிடும் என்பதையும் நம் ஊர்ப் புழுதியை நினைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய இன்ஜின்களையும் பெட்டிகளையும் சிறு எண்ணிக்கையில் செய்து விற்பவர்கள் பெரும்பாலும் எச்.ஓ.வையே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

என் தேர்வு எச்.ஓ. ஆனால் எக்ஸ்பிரஸ் நிற்கும் ஜங்ஷனை அதில் அடைக்கக்கூடாது. ஐந்து பெட்டி பாசஞ்சர் வண்டி வந்து நிற்கும் சிறிய ஸ்டேஷனை எடுக்க வேண்டும். டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜின் 17 மீட்டர்தான், எச்.ஓ.வில் 20 செ.மீ. ஐந்து பெட்டிகளோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் ரயில். ஒரு சுவரில் நடைமேடையும் இரண்டு தண்டவாளமும் இரு முனைகளிலும் பாதை பிரியும் பாயின்ட்டுகளும் இடித்துக்கொள்ளாமல் உட்காரும். அடுத்த சுவரில், மறைப்புக்குப் பின்னால், வண்டிகள் வந்து காத்திருக்கும் பாதைகள். ரயில் மறைவிலிருந்து வரும், நிற்கும், போகும். வட்டம் எதுவும் தேவையில்லை.

மீட்டர் பாதையும் நீலகிரியும்

அகலப்பாதையில் நாம் விட்டுக்கொடுக்கும் அந்த 3 மி.மீ. மீட்டர் பாதையில் இல்லை. எச்.ஓ.வில் மீட்டர் பாதைக்கென்றே 12 மி.மீ. தண்டவாளம் உண்டு, 1000 மி.மீ. கணக்குப்படி 11.5. அரை மி.மீ. வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிடிக்காது. சுவிட்சர்லாந்தின் ரேத்தியன் ரயில்வே மீட்டர் பாதை என்பதால் அங்கே இந்தத் தண்டவாளத்துக்குச் சந்தை இருக்கிறது. பெக்கோ, பெமோ போன்ற நிறுவனங்கள் விற்கின்றன.

நீலகிரி மலை ரயிலைச் செய்ய இதுவே இயல்பான வழி. அங்கே ஓடிய பழைய எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவை என்பது இந்தப் பொருத்தத்துக்கு மேலும் அழகு சேர்க்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் ஓடுகிறது. ஆப்ட் முறையில் அமைந்த இரட்டைச் சட்டம் அது: ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு இரண்டு சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில். அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1. மாதிரி ரயில்பாதையில் ஏற்றம் 100-க்கு 2 அல்லது 3-க்கு மேல் போனாலே சக்கரம் வழுக்கத் தொடங்கும்; இங்கே அது 100-க்கு 8-ஐத் தாண்டுகிறது. மலையேறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும் என்பதால், எடையற்ற பெட்டிகள் வளைவில் தடம் புரளும் ஆபத்தும் கூடவே வருகிறது. பல்சட்டம் உண்மையிலேயே இன்ஜினைத் தூக்க வேண்டுமானால் உள்ளே பற்சக்கரம் வைத்துக் கட்ட வேண்டும்.

இதைச் செய்ய முடியாதவர் ஹில்குரோவ் போன்ற ஒரு நிலையத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பல்சட்டத்தைக் காட்சிக்காகப் பதித்துவிட்டு, பலகையின் சரிவை இன்ஜின் தாங்குமளவுக்குக் குறைத்து, பின்னால் உள்ள மலையைச் செங்குத்தாக எழுப்பிவிட்டால் கண் ஏற்றத்தை நம்பிவிடும். குட்டையான ரயில், கருங்கல் சுவர், தண்ணீர்க் குழாய், காடு. இடத்துக்கு ஏற்ற காட்சி என்று பார்த்தால் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே சிறந்தது. இன்ஜினுக்காகத்தான் தவம் கிடக்க வேண்டும்.

சமவெளியின் பழைய மீட்டர் பாதைக் கிளைகளுக்கும் இதே கதை. ஒய்.பி. நீராவி இன்ஜினும் ஒய்.டி.எம்.-4 டீசலும் ஓடிய நிலையங்கள் செய்வதற்கு அவ்வளவு அழகானவை. ஆனால் இன்ஜினை வேறு ஏதாவது ஒன்றின் அடித்தளத்தின் மேல் நீங்களே உடல் கட்டித்தான் ஓட்ட வேண்டும்.

மின்கம்பி வேண்டுமா?

காலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எழும் கேள்வி இது. நேர்ப்பாதையில் மின்கம்பங்கள் அதிகபட்சம் 72 மீட்டர் இடைவெளியில் நிற்கும், எச்.ஓ.வில் 83 செ.மீ. ஒரு சுவருக்கு ஐந்து கம்பங்கள் போதும். வேலை பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் ரயில் தொடும் கம்பி எச்.ஓ.வில் 0.14 மி.மீ. தடிமன்தான் இருக்க வேண்டும். கடையில் கிடைப்பவை அதைவிடத் தடிமனானவை. துல்லியமான கம்பியைப் போட்டால் தண்டவாளத்தைத் துடைக்கக் கை நீட்டும்போதெல்லாம் அறுந்துபோகும். டீசல் காலத்தை எடுத்துக்கொண்டால் கம்பி, கம்பம் எதுவும் இல்லை; கைகாட்டி சிக்னல் வைக்கலாம்; வானம் திறந்திருக்கும். 1970-80களே எனக்குப் பிடித்த காலம். அந்தக் காலத்தை எடுத்தால் கான்கிரீட் ஸ்லீப்பர் வாங்கிவிடாதீர்கள், மரக்கட்டை பொருந்தும்.

தண்டவாளமும் ஜல்லியும்

தண்டவாளத்தின் உயரத்தை ‘கோடு’ (code) எண்ணால் குறிக்கிறார்கள். கோடு 100 என்றால் 2.54 மி.மீ.; எச்.ஓ.வில் அது 22 சென்டிமீட்டர் உயரத் தண்டவாளம். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள நம் தண்டவாளத்தின் உயரம் 15.6 சென்டிமீட்டர்தான். கோடு 75 என்றால் 1.9 மி.மீ., அதாவது பதினாறரை சென்டிமீட்டர். விலையில் பெரிய வித்தியாசமில்லை, தோற்றத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கோடு 75-ஐயே வாங்குங்கள். பதித்த பிறகு பக்கங்களுக்குத் துருப்பழுப்பு நிறம் பூசி, மேற்பரப்பை மட்டும் உடனே துடைத்துவிட வேண்டும். இந்த ஒரு வேலை மொத்த மாதிரியையும் தூக்கிவிடும்.

ஜல்லியை வாங்குவதா, செய்வதா? ரயில்பாதை ஜல்லி 65 மி.மீ. அளவுக்கு உடைப்பது, எச்.ஓ.வில் 0.75 மி.மீ. வெளிநாட்டு மாதிரி ஜல்லி நிறத்தில் நம் கருங்கல்லோடு ஒத்துப்போவதில்லை. கிரஷர் தூளை டீ வடிகட்டியில் சலித்து, விழுந்ததை மாவுச் சல்லடையில் மறுபடி சலித்துத் தூசியைப் போக்கினால் மிஞ்சுவது நமக்குத் தேவையான அளவு. நிறமும் நம் ஊர் நிறம். அதன் மேல் காந்தத்தை ஓட்டி இரும்புத் துகள்களை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் மோட்டாரில் போய் ஒட்டிக்கொள்ளும். தூரிகையால் சமப்படுத்தி, தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும் கலந்து தெளித்து நனைத்து, பிறகு நீர்த்த ஃபெவிக்காலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நடைமேடை ஓரத்தில், வண்டிகள் பிரேக் போடும் இடத்தில், ஜல்லி பழுப்பேறியிருக்கும். இன்ஜின் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறுப்பு. இவ்விரண்டையும் காட்டாத ஜல்லி நேற்று கொட்டியதுபோல் இருக்கும்.

தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். மூன்று மீட்டர் தண்டவாளம் 15 டிகிரி வெப்பநிலை மாற்றத்தில் முக்கால் மி.மீ. நீளும், மழைக்காலத்தில் மரப்பலகையும் தன் பங்குக்கு உப்பும். பலகைக்கு நீர் தாங்கும் ப்ளைவுட்டே நல்லது. சாதாரணப் பலகையைக் கரையான் விட்டுவைக்காது.

மண், மரம், சுவர்

நிலத்துக்குத் தெர்மோகோல் மலிவு, ஆனால் வெட்டும்போது உதிரும், ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் கரையும். அடர்த்தியான எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை கிடைத்தால் அதையே எடுங்கள்; ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் அதற்கும் ஆகாது. மேல்மண்ணுக்கு வண்ணத்தைவிட உண்மையான செம்மண்ணையே விரும்புகிறேன். சலித்து, வாணலியில் வறுத்து ஈரத்தையும் பூச்சியையும் போக்கிவிட்டுத் தூவ வேண்டும். பசை பட்டால் மண்ணின் நிறம் அடர்ந்துவிடும். முதலில் ஒரு அட்டைத் துண்டில் தூவிக் காயவைத்துப் பாருங்கள்.

மரங்களைக் கடையில் வாங்குவதில் ஓர் அளவுப் பிழை ஒளிந்திருக்கிறது. எச்.ஓ. என்று விற்கும் 10 செ.மீ. மரம் உண்மையில் 8.7 மீட்டர் உயரம்தான். நன்கு வளர்ந்த தென்னை 20 மீட்டர் போகும். மாதிரியில் 23 செ.மீ. வேண்டும். பனை கடையில் கிடைப்பதே இல்லை, விற்கும் ‘பனை’ எல்லாம் தென்னையின் சாயல். 5 முதல் 7 மி.மீ. தடிமன் குச்சியில் மரப்பட்டி (வுட் புட்டி) பூசி, காய்வதற்குள் குறுக்கு வளையங்களைக் கீறி, கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம் கொடுங்கள். மெல்லிய தாளில் 15 மி.மீ. விசிறிகள் வெட்டி, நடுவிலிருந்து கதிர்களாக மடித்து, ஓரத்தைப் பற்களாக நறுக்கினால் பனையோலை. உச்சியில் முப்பது ஓலை பச்சை. அதற்குக் கீழே சில பழுத்துத் தொங்கும் காவோலைகள். வேலை அதிகம்தான். ஆனால் அடிவானத்தில் மூன்று பனை நின்றால் இது எந்த நாடு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நிலையக் கட்டடத்துக்கு அட்டை, பிளாஸ்டிக் தகடு, லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். மூன்றும் உண்டு. அட்டை கடலோர ஈரத்தில் நெளியும். எச்.ஓ.வில் 3 மி.மீ. எம்.டி.எஃப். சுவர் 26 சென்டிமீட்டருக்குச் சமம். பூச்சோடு சேர்ந்த ஒன்பது அங்குலச் சுவர் அப்படியே கிடைத்துவிடுகிறது. ஜன்னலின் ஆழம் தானாகவே சரியாக வரும். நடைமேடையைத் தயாராக வாங்காதீர்கள். நம் உயர நடைமேடை தண்டவாளத்துக்கு மேல் 76 முதல் 84 செ.மீ., அதாவது எச்.ஓ.வில் 9 மி.மீ. சுற்று, தாழ்வான நடைமேடை 45.5 செ.மீ., அதாவது 5 மி.மீ. சிறிய ஸ்டேஷனுக்குத் தாழ்ந்ததே அழகு.

மின்கட்டுப்பாட்டில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஒரே இன்ஜின் என்றால் சாதாரண டி.சி. போதும். இன்ஜின் சத்தம் வேண்டுமென்றால், தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டி.சி.சி.; டபிள்யூ.டி.எம்.-2-க்குள் இருப்பது அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் 251 டீசல் எந்திரம் என்பதால், அமெரிக்க மாதிரிகளுக்காகப் பதிவு செய்த அந்த ஒலி நமக்கும் பொருந்தும்.

பலகையின் உயரம்தான் மிச்சம். மேசை உயரமான 75 செ.மீ.யில் வைத்தால் மேலிருந்து பார்ப்போம். பாதை ஒடுங்கியிருப்பது பளிச்சென்று தெரியும், கூரைகளே கண்ணில் படும். 130 செ.மீ.யில் வைத்தால் நடைமேடையில் நிற்பவரின் கண்ணோடு நம் கண் ஒன்றும். அந்த 3 மி.மீ. மறைந்துவிடும். எச்.ஓ. அகலப்பாதைக்கு 130-தான். கை நீட்டி வேலை செய்யப் பலகையின் அகலம் 45 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் உறுதியான முக்காலி ஒன்றையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.